ஞாயிறு இருட்டு

பதினாலாங் கட்டையில் செம்பனை முடிந்து
டவுன் தொடங்கும் வளைவில்,
டயர்க் கடைக்கும் நாசிக் கண்டார் கடைக்கும் நடுவே
சிறுநீரக மையம்.
பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு இயந்திரம்.
வாரத்தில் ஆறு நாள்
ரத்தம் வெளியே போய் நடந்துவிட்டு
வீடு திரும்பும் இடம்.

ஞாயிறு நாற்காலிகள் காலி.
அதனால் ஞாயிறுதான் என் வேலை.

வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்தேன்:
காலை எட்டுக்குக் கரண்டை நானே நிறுத்துவேன்.
மிஸ்ஸி நோர்ஹாயாத்தி தலையாட்டினார்.
மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கும் லீலாவதி
ஒன்பதுக்கு மாற்றிக்கொண்டார்.
டயர்க் கடை ஆ கியோங்குக்குச் சொல்ல மறந்தேன்.
அவர் பூனை அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

டீசல் முக்கால்.
பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பைத் தேய்த்தேன்.
மாற்றுப் பெட்டியின் கதவைத் திறக்கவில்லை.
இரண்டு பக்கமும் உயிருள்ள பெட்டி அது.
ஒரு பக்கத்தைத் தூங்கவைத்தால்
மறுபக்கம் விழிக்கும்,
அதற்காகத்தான் அதைச் செய்தார்கள்.

ரப்பர் பாய் மேல் நின்று
மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன்.
இருட்டு.

ஒன்று, இரண்டு, மூன்று.
பொறுக்கிறது.
கண் சிமிட்டலுக்கெல்லாம் எழுந்து ஓடாதே என்று
அதற்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.
நான்கில் பின்சந்தில் இஞ்சின் இருமியது.
ஆறு, ஏழு. மூச்சு சீராகிறது.
ஒன்பதில் பெட்டிக்குள் ஒரு ‘டக்’.
விளக்கு, தண்ணீர்ப் பம்பு, மருந்து ஃபிரிட்ஜ்,
வெறும் தண்ணீர் ஓடும் பன்னிரண்டு இயந்திரம்.

அரை மணி நேரம் சுமை தூக்கவிட்டேன்.
மெயினை மேலே ஏற்றியபோது
போன கரண்டு வந்துவிட்டது என்று
பெட்டி உடனே நம்பவில்லை.
ஐந்து நிமிடம் பார்த்தது.
பிறகுதான் திரும்பியது.
இஞ்சின் இன்னும் ஐந்து நிமிடம் சும்மா ஓடி
உடம்பு ஆற்றிக்கொண்டது.

நோட்டில் எழுதினேன்: ஒன்பது விநாடி. பெல்ட் தளர்வு.

பெல்ட்டுக்காகச் சாவியை ‘ஆஃப்’பில் திருப்பி,
பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி,
சிவப்பு அட்டை தொங்கவிட்டு, இறுக்கினேன்.
வயரைத் திரும்ப மாட்டியது நினைவிருக்கிறது,
ஒரு சின்னப் பொறி.
அட்டையை எடுத்தேன்.
அப்புறம் தர்வின் பசியாறக் கூப்பிட்டான்.

அப்புறம்?

இரவு பதினொன்றுக்குப் படுக்கையில்
அந்த ‘அப்புறம்’ எழுந்து உட்கார்ந்தது.
மேற்கே மின்னல்.
காலை ஐந்தரைக்கு முதல் நாற்காலியில்
லாரி ஓட்டிய பச்சைமுத்து சாய்ந்திருப்பார்,
கையில் இரண்டு ஊசி.
கரண்டு போய் இஞ்சின் வராவிட்டால்
இயந்திரத்தை மிஸ்ஸி கையால் சுற்றவேண்டும்.
பன்னிரண்டு பேர். மிஸ்ஸிமார் மூன்று பேர்.

மூணாங் கட்டையிலிருந்து காடியை எடுத்தேன்.
பதினோரு கட்டை தூரம் செம்பனை,
எலிக்காக வைத்த ஆந்தைப் பெட்டிகள்,
வைப்பரின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
‘ஆஃப்’, ‘ஆட்டோ’, ‘ஆஃப்’.

பின்சந்தில் காவலர் தில் பகதூர் டார்ச் அடித்தார்.
"என்ன பாஸ், இந்நேரத்தில்?"
பச்சை விளக்கு எரிந்தது. ஆட்டோ.
சாவித் துளை காலி.

சட்டைப் பையில் கைவிட்டேன்.
வீட்டுச் சாவி, இருபது காசு,
இதன் சாவி.
ஆட்டோவில் நின்றால் மட்டுமே கழலும் சாவி.
இருநூறு வெள்ளி கூடக் கொடுத்து
அப்படிப்பட்டதை மாட்டச் சொன்னவன் நான்தான்,
என்னை எனக்குத் தெரியும் என்பதால்.

சாட்சியைப் பையில் வைத்துக்கொண்டு
பதினோரு கட்டை வந்திருக்கிறேன்.

அப்போது இடி.
டவுன் முழுக்க விளக்கு அணைந்தது.
"போச்சு" என்றார் தில் பகதூர்.
ஒன்று, இரண்டு...
வந்துவிட்டது.

பெட்டி அசையவே இல்லை.
நான்தான் பாதித் தூரம் ஓடியிருந்தேன்.